கட்டிலுக்கு அடியில் இருபது சதுர அடி

டைல்ஸ் ஒட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருபது வருஷத் தொழில். ஆனாலும் சொந்த அக்காவின் அறையில் டேப்பை விரித்து இரண்டு தடவை அளந்தான்.

அறை பன்னிரண்டுக்குப் பத்து. சுவரோரக் கட்டிலில் ஆறு வாரமாக அக்கா. தரை குண்டும் குழியுமான சிமெண்டு; எழுந்து நடக்கும்போது அவளுக்குத் தடுக்கிவிடக் கூடாது என்று மாமாவுக்கு ஒரே பிடிவாதம். டாக்டர்கள் கைவிரித்த பிறகும் மனிதர் அதையே பிடித்துக்கொண்டிருந்தார். என்ன செய்வது, மனசு கேட்க வேண்டுமே.

"நூத்திருபது சதுர அடி மாமா. வெட்டுல போற சேதாரம் பத்துக்கு ஒண்ணு. பெட்டிக்குப் பதினாறு அடின்னா ஒம்போது பெட்டி வேணும்."

"கட்டில் இருக்கிற இருபதைக் கழி. அதை அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"பின்னாடி கட்டிலை எடுத்தா அந்த இடம் மொட்டையா நிக்கும். அப்ப போய் வாங்கினா நிறம் ஒட்டாது. சூளைக்குச் சூளை சாயல் மாறும்."

"எதுக்கு எடுக்கணும்?" மாமாவின் குரல் ஏறியது. "எந்திரிச்சு நடந்தா மட்டும் அவளுக்குப் படுக்கக் கட்டில் வேணாமா?"

அவன் இருபதைக் கழித்தான். ஏழு பெட்டி என்று சீட்டில் எழுதினான்.

மாமா சமையலறைப் பக்கம் போனதும் அக்கா கண்ணைத் திறந்தாள். இத்தனை நேரமும் தூங்கவேயில்லை, கள்ளி.

"கட்டிலுக்கு அடியிலயும் சேர்த்தே வாங்கிடுடா. அந்த ரெண்டு பெட்டி உன் வீட்டுல இருக்கட்டும்."

"அக்கா, சும்மா இரு."

"நான் சொன்னேன்னு அவருக்குத் தெரியவே கூடாது. எனக்கே நம்பிக்கை இல்லைன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார்."

அவள் கையைத் தொட்டு, சொல்ல மாட்டேன் என்றான். ஒன்பது பெட்டி வாங்கி, இரண்டைத் தன் வீட்டில் வைத்தான். தரையை இடிக்காமல், குழிகளை மட்டும் பூசி நிரவி, அதன் மேலேயே பசை தடவி, கட்டிலைச் சுற்றி ஒட்டினான். அக்கா ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோணலாப் போச்சுன்னா கூலி கிடையாதுடா," என்றாள்.

ஒட்டி முடித்த பதினெட்டாம் நாள் அக்கா போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து மாமாவே கட்டிலைக் கழற்றினார், பார்க்கச் சகிக்கவில்லை என்று. கட்டில் போன இடத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் பழைய சிமெண்டு. அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில், "மூடிடுடா," என்றார். அவன் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

அக்காவின் மருந்துச் சீட்டுகளை மாமா முன்பு காலியான டைல்ஸ் பெட்டி ஒன்றில்தான் போட்டு வைத்திருந்தார். அதன் மேலிருந்த சூளை எண்ணும் தேதியுமே இந்த இரண்டு பெட்டிகளிலும் இருந்தன.

"அன்னிக்கே வாங்கினதா இது?"

"ஆமா மாமா."

"அவ மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே நீ கட்டிலைத் தூக்கிட்டே. கூடப் பிறந்தவன்தானே நீ?"

வாங்கச் சொன்னது அக்காதான் என்றால் போதும், பழி இறங்கிவிடும். ஆனால் அவள் கடைசி வரை நம்பிக்கையோடு இருந்தாள் என்பதுதான் மாமாவிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதல். அதையும் பிடுங்குவதா?

"தொழில் புத்தி மாமா. மன்னிச்சிடுங்க."

மாமா வெளியே போனார். அவன் மண்டியிட்டுப் பசையைக் குழைத்தான். அழுகை வந்தது, அழுதான்.

நிறம் துளியும் மாறவில்லை. கட்டில் எங்கே கிடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மாமா மட்டும் இன்றும் அந்த இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறார். அவனோடு பேசுவதில்லை.