ஒன்பதாம் கிடங்கு

மச்சினனுக்கு நான் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. அதை வசூலிக்க அவன் கண்டுபிடித்த வழி, எங்கள் வீட்டு இன்டர்நெட்டை வாடகைக்கு விடுவது.

"மாமா, அது பாதி நேரம் சும்மாதானே கிடக்குது? இந்த ஆப்பைப் போட்டா யாரோ நம்ம லைன் வழியா இணையத்துக்குள்ள போய்ட்டு வருவாங்க. காசு என் கணக்குக்கு வந்துடும், கடனும் கழிஞ்சிடும்."

"யாருடா போவாங்க?"

"யாரு போனா என்ன? செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்குள்ளயா வரப்போறாங்க?"

போட்டுவிட்டான்.

எனக்கு மூட்டை இறக்கும் வேலை. மறுநாள் எந்தக் கிடங்குக்கு ஆள் வேண்டும், என்ன கூலி என்று கம்பெனி மாலையில் இணையத்தில் போடும். முதலில் போய் நிற்பவனுக்கு வேலை. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். எழுத்தில் இருந்தால் பொய்யாக இருக்காது என்று நம்பும் வியாதி உண்டு.

திங்கட்கிழமைக்கு ஒன்பதாம் கிடங்கு என்று இருந்தது. போனேன். வளாகத்தில் இருப்பதே ஏழு கிடங்கு. புதிதாகக் கட்டியிருப்பார்கள் என்று மதிலை இரண்டு சுற்று சுற்றினேன். அதற்குள் மற்ற கிடங்குகளில் ஆள் நிரம்பிவிட்டது. செவ்வாய், பதினோராம் கிடங்கு. புதன், பதினான்கு.

"என்னண்ணே, தினமும் வாக்கிங்கா?" என்றான் காவலாளி.

மூன்று நாள் கூலி போச்சு. இன்னொரு நாள் போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. கம்பெனி அலுவலகத்தில் ஏறி, கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் கைப்பேசியை நீட்டினேன்.

"ஐயையோ, இது எந்திரத்துக்குக் காட்டற பக்கமாச்சே!" என்றது அந்தப் பெண். "போட்டிக் கம்பெனிக்காரன் எங்க கூலிப் பட்டியலை அள்ள எந்திரத்தை அனுப்பறான். ஒரு வழியை அடைச்சா வேற யார் வீட்டு இன்டர்நெட் வழியாவது வருது. அதான் சந்தேகப்பட்ட வீட்டுக்கெல்லாம் பொய்ப் பட்டியல் போடறோம். வீட்ல புதுசா ஏதாவது ஆப் போட்டீங்களா?"

"மச்சினன் போட்டான்."

"முதல்ல அதை எடுங்க."

"ஆப்பையா, மச்சினனையா?"

"ஆப்பை எடுத்தா வேலை. ரெண்டையும் எடுத்தா நிம்மதி."

நாளைக்கு மூன்றாம் கிடங்குக்கு என்று என் பெயரைக் குறித்துக்கொண்டது.

மாலையில் என் மனைவி தம்பியை வரவழைத்தாள்.

"ஆயிரத்தைந்நூறு கூலி, மூணு நாள். எவ்வளவுடா?"

"நாலாயிரத்து ஐந்நூறு, அக்கா."

"மாமா உனக்குத் தரவேண்டியதைக் கழி."

விரல் விட்டான். முகம் சுருங்கியது. "நூத்தம்பது... நான் தரணும்."

"எடு."

"அக்கா, அந்த ஆப்புல எனக்கு வந்ததே எண்பதுதான்!"

எண்பதை அவள் வாங்கிக்கொண்டாள். மீதி எழுபதை நான் பெரிய மனது பண்ணித் தள்ளுபடி செய்தேன்.