கண்டக்டரின் பலூன்

அக்காவின் பழைய மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தது தம்பிதான். "இனிமே குதிரை மாதிரி ஓடும்க்கா" என்று மார்தட்டிவிட்டுப் போனவன், மறுநாள் போனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"குதிரை ஓடுது. பலூன் எங்கடா?"

பலூன் என்பது அத்தானின் பேச்சுப் பயிற்சி நிரல். அத்தான் பஸ் கண்டக்டர். அவர் ஒரு குரல் கொடுத்தால், கடைசி சீட்டில் தூங்குகிறவரும் எழுந்து பையைத் தேடுவார். பக்கவாதம் வந்தபின் கைகால் ஓரளவு சரியாகிவிட்டன. பேச்சு மட்டும் 'ஆ', 'மா' என்பதோடு நின்றுவிட்டது. அந்த நிரலில் திரையில் ஒரு சொல் வரும். அவர் அதை அரைகுறையாகச் சொன்னாலும், குரல் கேட்டாலே பலூன் கொஞ்சம் மேலே ஏறும். 'க' வரிசை வந்தால் மட்டும் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், பலூன் அசையாது. அது விண்டோஸுக்கென எழுதிய நிரல் என்பதைத் தம்பி யோசிக்கவே இல்லை.

லீவு போட்டுவிட்டு ஓடிவந்தான். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுகிற 'வைன்' என்ற மென்பொருளை நிறுவி, குறுந்தகட்டிலிருந்து பலூனை ஏற்றித் திறந்தான். ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று சொல்லி அது மூடிக்கொண்டது.

"அதென்னடா அது?"

"எல்லா வேலையையும் நிரல் தானே செய்யாதுக்கா. பாதியத் துணைக் கோப்புங்க தலையில கட்டிடும். அதுல ஒண்ணு இங்க இல்ல."

"உங்க அத்தான் மாதிரின்னு சொல்லு. நான் எடுத்துக் குடுக்கலேன்னா கண்ணாடிகூடக் கிடைக்காது."

நாற்காலியிலிருந்து அத்தான் முறைத்தார்.

அந்தக் கோப்பை இலவசமாகத் தருகிறோம் என்று கூவிய வலைத்தளங்கள் பக்கமே தம்பி போகவில்லை. வைரஸும் கூடவே வந்து தொலைக்கும். வைனுக்கென்றே இருக்கும் உதவி நிரலிடம் கேட்டான். பழைய நிரல்களுக்கு வேண்டிய கோப்புகளை அது மொத்தமாக இறக்கி, உரிய இடத்தில் வைத்தது. மறுபடி திறந்தான். பலூன் வந்துவிட்டது! ஆனால் தமிழ்ச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் கோழி கிளறியதுபோல் என்னென்னவோ குறிகள். அந்த நிரலின் எழுத்துரு கணினியில் இல்லை.

"இதை எப்படிடா இவர் படிப்பார்?" அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அத்தான் திரையை உற்றுப் பார்த்தார். உதடு கோணியது, தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய இருவருக்கும் சற்று நேரம் பிடித்தது.

"கி... கிறுக்கு" என்றார்.

மைக் அதைக் கேட்டுவிட்டது. பலூன் விறுவிறுவென்று மேலே போனது.

"என்ன சொன்னீங்க?"

"கிறுக்கு!"

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "யாரு, இவனா?"

அத்தான் இல்லையென்று தலையாட்டித் திரையைக் காட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, மச்சானையும் காட்டினார். தம்பிக்குக் கண் கலங்கிப்போய் விசைப்பலகையே மங்கலாகத் தெரிந்தது.

நிரலின் குறுந்தகட்டிலேயே அந்த எழுத்துரு கிடைத்தது. எடுத்துப் போட்டதும் எழுத்துகள் ஒழுங்காக வந்து நின்றன. வேலை முடிந்த நிம்மதியில் தம்பி பையை மாட்டிக்கொண்டான்.

"வரேன் அத்தான்."

அத்தான் போகாதே என்று கையை உயர்த்தினார். தொண்டை ஏறி இறங்கியது. "கா... கா..."

அவசரப்படுத்தாமல் இருவரும் காத்திருந்தார்கள்.

"காப்பி" என்றார்.

அக்கா அடுப்படிக்கு ஓடினாள்.