லின்சிக்குத் தலை அலசிய சனிக்கிழமை

புரட்டாசி மாதம் கடைமடை நாட்டில் ஒரு நீண்ட மௌனமாக வந்து அமரும். வெயில் தன் வெம்மையை முற்றும் துறப்பதில்லை. மழையும் தன் வரவை உறுதி சொல்வதில்லை. மேற்கே மலையில் பிறந்து, கல்லணையில் கிளை பிரிந்து, ஆறாகவும் வாய்க்காலாகவும் இளைத்து இளைத்து வரும் காவிரி, கீழ்வேளூருக்குக் கிழக்கே வந்து சேர்கையில் முழங்கால் நனைக்கும் அளவே மிஞ்சியிருக்கும். கரையில் நாணல் பூத்து நரைத்திருக்கும். தரிசாய்க் கிடக்கும் வயல்களின் நடுவே நாற்றங்கால்கள் மட்டும் உலகத்துப் பசுமை முழுவதையும் தம்மிடம் அடைக்கலம் பெற்றவை போல் நின்றிருக்கும். மாலைதோறும் ஜெபமாலை மாதா கோயிலின் மணியோசை அந்த வெறுமையின் மேல் பரவி, கேட்பார் குறைந்த ஊரில் மெல்லத் தேயும். கேட்பார் குறைந்துதான் போயிருந்தனர். குவைத்து, சிங்கப்பூர், திருப்பூர் என்று வீட்டுக்கொருவராய்க் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது.

மிக்கேல்ராஜுக்கு அந்தப் புரட்டாசியில் ஒரே ஒரு கவலை. அது அவருடைய மகள் லின்சியின் தலைமுடி.

அவர் மனைவி அருள்மேரி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். புறப்பட்ட காலையில் அவள் மகளை முன்னால் உட்கார்த்தி, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே நின்ற சுருள்கூந்தலை இரட்டைப் பின்னலாக்கி, "நான் திரும்பி வர்றப்ப இது இடுப்பத் தொட்டிருக்கணும், என்ன?" என்று சொல்லிப் போனாள். எட்டு வயதுக் குழந்தை அந்தச் சொல்லையே நாள்காட்டியாகப் பிடித்துக்கொண்டது. மாதம் ஒருமுறை சுவரைப் பார்த்து நிமிர்ந்து நின்று, பின்னால் கூந்தல் எதுவரை வந்திருக்கிறதென்று தந்தையிடம் கேட்கும். அம்மா எவ்வளவு அருகில் வந்துவிட்டாள் என்பதை அறிய அதற்கு வேறு அளவுகோல் இல்லை.

ஆடி வரை அருள்மேரியின் தங்கை பிரின்ஸி தினமும் வந்து தலை வாரிவிட்டாள். பிறகு அவளும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அன்றுமுதல் அந்தக் கூந்தல் மிக்கேல்ராஜின் கைக்கு வந்தது. ஆறு மா நிலத்தில் எந்தப் பள்ளத்தில் எத்தனை விரற்கடை நீர் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர், ஒரு சிறுமியின் தலைக்குமுன் திகைத்து நின்றார்.

அவர் அறிந்த வழிகளையெல்லாம் செய்து பார்த்தார். முதலில் ஷாம்பு. பொட்டலத்தைக் கிழித்து உச்சியில் ஊற்றி, கூந்தலை மொத்தமாக அள்ளித் தலைமேல் குவித்து, இரு கைகளாலும் வட்டமாகத் தேய்த்தார். நுரை பொங்கியது, காய்ந்தபின் கூந்தல் பிரித்துப் போட்ட வைக்கோல் ஆயிற்று. அடுத்து சீயக்காய். அடிபம்பின் உப்புத் தண்ணீரில் அது திரிந்து, இழைதோறும் பிசினாய் ஒட்டி, சீப்பின் பற்களுக்கு நடுவே அப்பிக்கொண்டது. யாரோ வடிகஞ்சி என்றார்கள், வடிகட்டாமல் ஊற்றினார், பருக்கைகளைப் பொறுக்கி எடுப்பதற்குள் பள்ளி வேன் போய்விட்டது. ஒருநாள் ஆத்திரத்தில் குளியல் சோப்பையே போட்டுத் தேய்த்தார். அதற்குப் பிறகு நேர்ந்ததைப் பற்றி அவர் எவரிடமும் பேசுவதில்லை.

வாரங்கள் செல்லச் செல்ல அவர் ஒரு தந்திரம் கற்றார். மேற்பரப்பை மட்டும் எண்ணெய் தடவி வாரி, உள்ளே கிடந்த சிக்கை மறைத்துப் பின்னி அனுப்பிவிடுவார். மறைத்தது வளர்ந்தது. பிடரியில் ஒரு விளாங்காய் அளவுக்கு முடிச்சு திரண்டு, விரல் நுழைய இடமின்றி இறுகிப்போயிற்று.

இந்த நிலையில்தான் புதுநன்மை வந்தது. மாதா கோயில் திருவிழா ஞாயிறன்று லின்சியும் இன்னும் ஐந்து குழந்தைகளும் முதன்முறையாக நற்கருணை வாங்க இருந்தார்கள். வெள்ளை உடை, வலைத்துணி, தலையில் பூக்கிரீடம். ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், செவ்வாய்க்கிழமை கிரீடத்தை வைத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. பின்னலைத் தூக்கிப் பிடரியைப் பார்த்தவர் மிக்கேல்ராஜை வரச்சொன்னார்.

"மிக்கேல்ராஜ், இதுல கொண்டை ஊசி கூட ஏறாது. சனிக்கிழமைக்குள்ள சிக்கு எடுத்துடுங்க. இல்லன்னா கிராப்பு வெட்டிக் கூட்டிட்டு வாங்க. சாமிக்கு முடி பெரிசில்ல."

வீட்டுக்கு வரும் வழியில்தான் லின்சி கேட்டாள்:

"வெட்டுனா, மறுபடியும் மொதல்லேருந்து வளரணுமாப்பா?"

"ஆமா."

"அப்ப அம்மா வர லேட்டாகுமா?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

புதன்கிழமை மாலை இரண்டு மணி நேரம் சீப்போடு போராடினார். மேலிருந்து கீழாக இழுத்தார், வேரோடு வந்தது.

"வலிக்குதுப்பா... விடுங்கப்பா... அம்மா வாரினா வலிக்கவே வலிக்காது."

"அம்மாவ போய் குவைத்துலேருந்து இழுத்துட்டு வரவா? ஒழுங்கா குனிடி!"

அவள் தலையை வெடுக்கென்று திருப்பினாள். சீப்பின் மூன்று பற்கள் முறிந்தன. அவர் கை, அவர் அறியாமலே, அவள் முதுகில் விழுந்தது. ஓசை பெரிதாக இல்லை. ஆனால் லின்சி அதன்பின் அழவில்லை, அசையவும் இல்லை. நுகத்துக்குப் பழகிய மாடு போல் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அடக்கத்தைக் காணப் பொறுக்காமல் அவர் எழுந்து வெளியே போனார். இந்த இரண்டு கைகளைத் தந்த கடவுள் இவற்றுக்கு இந்த ஒரு வேலையை மட்டும் ஏன் சொல்லித்தரவில்லை என்று வாய்க்கால் மதகின்மேல் அமர்ந்து வெதும்பினார்.

வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. அன்று பிற்பகல் அருள்மேரி கடைத்தெருவிலிருந்த கமருன்னிஸாவின் பூத்துக்குப் பேசுவாள். போன் பூத்தும் ஃபேன்சி ஸ்டோரும் ஒரே அறையில் நடந்தன. மிக்கேல்ராஜ் வந்ததும் கமருன்னிஸா சிரித்தாள்.

"வாங்கண்ணே. இன்னிக்கு எந்த சாம்பு? நீங்க வாங்குன பாக்கெட்டயெல்லாம் சேத்தா தேருக்கே தோரணம் கட்டலாம்."

"சும்மா இரு தாயி. நானே நொந்து கெடக்கேன்."

மணி அடித்தது. வழக்கமான நலவிசாரிப்புக்கெல்லாம் இன்று நேரமில்லை என்பது போல் அவர் நேரே சொல்லிவிட்டார்.

"சிக்கு விழுந்து போச்சு, மேரி. சிஸ்டர் வெட்டச் சொல்றாங்க."



"வெட்டாதீங்க" என்றாள் அருள்மேரி. "தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே எண்ணெய் வச்சு, நுனியிலேருந்து சிக்கு எடுத்துடணும்ங்க. அப்புறந்தான் அலசணும்."

"இத ஆடி மாசமே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே. நல்லாருக்கா, நல்லாருக்கான்னுதானே வாரா வாரம் சொன்னீங்க."

அவர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இங்க ரெண்டு பொட்டப் புள்ளைங்க. தெனமும் நாந்தான் சீவி விடுறேன்" என்றாள் அருள்மேரி. குரல் தாழ்ந்தது. "கடல் தண்ணியத்தான் நல்ல தண்ணியா ஆக்கி விடுறாங்க. சிக்கே விழாது. சீப்பு வழுக்கிக்கிட்டுப் போவும்... ஒவ்வொரு நாளும் சீவுறப்ப..."

அவள் முடிக்கவில்லை. இணைப்பு அறுந்ததா, அவள் வைத்துவிட்டாளா என்பது தெரியவில்லை. கடல்நீரும் அவ்வூரில் இனிக்கிறது. ஆற்றின் ஓரத்தில் பிறந்த நாம் உப்புத் தண்ணீரில் தலை அலசுகிறோம் என்று எண்ணியபோது அவருக்கு யார்மேல் கோபப்படுவது என்றே விளங்கவில்லை.

மனைவி சொன்னபடியே அன்று மாலை எண்ணெய் வைத்தார், நுனியிலிருந்து தொடங்கினார், பாதிக்கூந்தல் பிரிந்தது. பிரிந்த மகிழ்ச்சியில் அடிபம்பின் கீழ் உட்காரவைத்து, எண்ணெய் போக வேண்டுமே என்று, வழக்கம்போல் தலைமேல் குவித்து வட்டமாகத் தேய்த்தார். அவ்வளவுதான். பிரிந்ததெல்லாம் மீண்டும் பின்னிக்கொண்டது. அவர் சொம்பைப் பக்கத்துச் சுவரில் வீசி எறிந்தார்.

"நாளைக்கு நாத்து பறிச்சு முடிச்சதும் கீழ்வேளூர் போறோம். வெட்டிடுவோம்" என்றார்.

"சரிப்பா" என்றாள் லின்சி. அவள் மறுத்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

சனிக்கிழமை விடிந்தது. இரண்டு நாட்களுக்கு முன்தான் வாய்க்காலில் ஆற்றுநீர் எட்டியிருந்தது; நடவுக்கு ஆட்களைச் சொல்லியிருந்தார். நடவுப் பெண்கள் ஒன்பது பேரும் தங்கம்மாள் தலைமையில் எதிர் வயலில் இறங்கினார்கள். மிக்கேல்ராஜ் நாற்றங்காலில் குனிந்தார். லின்சி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

மனத்தின் கொதிப்பு கைகளில் இறங்கியிருந்தது. பிடுங்கிய நாற்றை நீரில் அமுக்கிச் சுழற்றினார். வேர்மண் போகப் பிசைந்தார். வைக்கோலால் இறுக்கிக் கட்டி நடவுவயலை நோக்கி வீசினார். நாலைந்து கட்டு போயிருக்கும். ஒரு கட்டு அப்படியே பறந்து திரும்பிவந்து அவர் காலடியில் விழுந்தது.

"ஏப்பா மிக்கேலு!" தங்கம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்ன கருமம் இது? வேரெல்லாம் பின்னிக் கெடக்கு. இதப் பிரிச்சு நட்டா பொங்கலுக்குத்தான் கரை ஏறுவோம். நாத்து அலசுறியா, புளி கரைக்கிறியா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"ஏதோ ஞாபகம்க்கா..."

"ஞாபகத்த வீட்ல வச்சுட்டு வா. பிடி பிடியா எடு. வேரத் தண்ணியில இப்படியும் அப்படியும் ஆட்டு. மண்ணு தானா போவும். தேய்ச்சா பின்னிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். பதினைந்து வயதிலிருந்து தெரியும். அவர் வெட்கத்தோடு குனிந்து, கைக்கடங்கும் ஒரு பிடியைப் பறித்து, நடுவில் பிடித்து, வேர்நுனியை நீரோட்டத்தின் போக்கிலேயே விட்டு ஆட்டினார். சேறு ஒரு மேகம் போல் கலங்கி விலகிற்று. ஒவ்வொரு வேரும் தன்தன் வழியில் தொங்கியது. ஒன்று மற்றொன்றைப் பற்றவில்லை.

வரப்பிலிருந்து லின்சியின் குரல் வந்தது.

"நாத்துக்கு மட்டும் வலிக்காம அலசுறீங்க."

அவள் அதைக் குறையாகச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கையில் இருந்த நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நீர் சொட்டி முடியும்வரை பார்த்தார். பிறகு கட்டி வீசினார். எஞ்சியதையெல்லாம் நண்பகலுக்குள் பறித்து முடித்து, கரையேறி, சைக்கிளை எடுக்காமல் வீட்டுக்குள் போனார். தேங்காயெண்ணெய்க் கிண்ணம், பெரிய பல் வைத்த மாட்டுக்கொம்புச் சீப்பு, மெல்லிய துணியில் வடிகட்டிய சீயக்காய்த் தண்ணீர், நான்கு ரிப்பன்கள், ஒரு கத்தரி. இவற்றோடு மகளை அழைத்துக்கொண்டு வாய்க்காலின் படித்துறைக்கு வந்தார்.

"சலூனுக்குப் போகலியாப்பா?"

"மொதல்ல இத பாப்போம். வலிச்சா சொல்லு. நிறுத்திடுறேன்."

கூந்தலை நான்கு பிடியாகப் பிரித்தார். எண்ணெயைத் தோய்த்து, நுனியில் ஓர் அங்குலம், அது வழிவிட்டபின் அதற்குமேல் ஓர் அங்குலம் என்று ஏறினார். இழுக்குமிடத்தில் முடியின் நடுவை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டார். வலி வேருக்குப் போகவில்லை. மூன்று பிடிகள் பிரிந்தன. நான்காவது, பிடரி முடிச்சு, ஒன்றரை மணி நேரம் அவரைச் சோதித்தது. இடையில் இருமுறை சீப்பை வீசப்போய், வீசாமல் கீழே வைத்தார். முடிவில் கட்டைவிரல் நகத்தளவு மட்டும் எதற்கும் இணங்கவில்லை. அதைக் கத்தரியால் நறுக்கினார்.

"வெட்டிட்டீங்களா?" லின்சி பதறினாள்.

"இவ்ளோதான். இந்தா பாரு."

அவள் அந்தச் சிறு சுருளை வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பரவாயில்ல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஒவ்வொரு பிடியையும் ரிப்பனால் தளர்வாகக் கட்டினார். தலையைக் குனியவைக்காமல் பின்னால் சாய்த்து, ஆற்றுநீரை நெற்றியிலிருந்து வழியவிட்டார். சீயக்காயை விரல்நுனியால் மண்டையில் மட்டும் தடவினார். கூந்தலைத் தொட்டுத் தேய்க்கவில்லை. வழிந்த நீரே அதையும் கழுவிச் சென்றது. ஒவ்வொரு பிடியாக நீரோட்டத்தில் விட்டு ஆட்டினார். எண்ணெய் நுரையாகி, நுரை வாய்க்காலோடு கிழக்கே போயிற்று. துண்டால் முறுக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் பாதி இருக்கையில் சீப்பை வைத்தார். அது எங்கும் நிற்காமல் இறங்கியது.

"அப்பா" என்றாள் லின்சி சற்று நேரம் கழித்து. "சீவ ஆரம்பிங்கப்பா."

"சீவிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் நம்பாமல் கையைப் பின்னால் கொண்டுவந்து சீப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

கோயிலில் மாலை மணி அடித்தது. மிக்கேல்ராஜ் எழுந்து போகவில்லை. படியில் அமர்ந்தபடியே மகளின் கூந்தலை இரண்டாக வகிர்ந்து, ஒவ்வொன்றையும் மூன்று புரிகளாகப் பிரித்து, ஒரு புரியை மற்றொன்றின்மேல் எடுத்துப் போடும்போதெல்லாம் மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரம் ஒன்றை உதட்டுக்குள் சொன்னார். அவர் கை பின்னலில் இன்னும் தேறாதது. ஆகையால் மெல்லப் பின்னிற்று. ஆகையால் மந்திரம் எதுவும் பாதியில் விடுபடவில்லை. லின்சியும் தந்தையின் மூச்சிலிருந்து அதை அறிந்து, தானும் உடன் சொல்லலானாள். வலப்பின்னலின் நுனி வந்தபோது ஜெபமாலையில் ஒரு பத்து முடிந்திருந்தது; இடப்பின்னலுக்கு மற்றொரு பத்து. இருவரும் சேர்ந்து திரித்துவ தோத்திரம் சொல்லி முடித்தார்கள்.

புதுநன்மைக்கு முந்திய நாள் பிள்ளைகள் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்பது அவ்வூர் வழக்கம். லின்சி திரும்பி முழந்தாளிடப் போனாள். அவர் அவளைத் தடுத்து, தாமே ஒரு படி கீழே நீரில் இறங்கி, அவள் முகத்துக்கு நேராக முழந்தாளிட்டார்.

"அப்பாவ மன்னிச்சுக்கம்மா."

அவள் தலையை ஆட்டினாள். அவர் ஈரம் காயாத கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"கடலுக்கு அந்தாண்ட இருக்குற ஒங்கம்மா கையையும் சேத்து வச்சுச் சொல்றேன். ஆண்டவர் ஒன்ன ஆசீர்வதிக்கட்டும். மாதா ஒங்கூடயே இருக்கட்டும். ஒனக்கு ஒரு கொறையும் வராம, நெறஞ்ச ஆயுசோட நல்லா இருப்ப தாயி."