நாற்காலியைப் பிடிப்பவன்

வெள்ளை நாற்காலி மிதக்கத் தொடங்கியதும் திம்மராயன் மறுபடி முங்கினான். பாகலூர் ரோட்டு ரிசார்ட்டின் நீச்சல் குளத்தில், தண்ணீருக்கடியில் மரநாற்காலியின் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் சேலை விரிப்புக்குப் பின்னால் ஒடுங்கிக்கிடப்பதுதான் அவன் வேலை. பெண் தண்ணீருக்குள்ளேயே மூச்சடக்கி மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். மாப்பிள்ளை குடை பிடிப்பான். போட்டோகிராபர் ராஜசேகர் எதிரே மிதந்தபடி படமெடுப்பான். படத்தில் திம்மராயனின் ஒரு விரல்கூடத் தெரியாது.

பெண்ணின் உடையைச் சரிசெய்யக் கரையில் துண்டும் ஊசிநூலுமாக நின்ற காவேரிக்குக் கண்ணெல்லாம் புருஷன் மேல்தான். பர்கூர் கல் பட்டறையில் கிரானைட் அறுத்துச் சம்பாதித்த இருமல் அவனுக்கு. மேலே வந்தவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். "தண்ணி மூக்குல பூந்துருச்சு" என்று அவளைப் பார்த்துச் சிரித்தான். கட்டிய பெண்டாட்டியிடமா இந்தப் புளுகு!

"இந்த வேலய உட்டுருங்களேன்" என்றாள், வீட்டுக்கு வந்ததும்.

"உட்டுட்டு? ஓசூர்ல எந்தக் கம்பெனிக்குப் போனாலும் நெஞ்சு எக்ஸ்ரே கேக்கறான். இங்கதான் ஒண்ணும் கேக்கல. தண்ணிக்குள்ள இருமுனா யாருக்குக் கேக்கும் சொல்லு?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷனை என்ன செய்ய!

நாற்காலி மிதக்காமலிருக்க இரும்பு கட்டினால் குளத்தில் துருக்கறை படிகிறது என்று ரிசார்ட்காரர் கத்தியதால்தான் ஆளை இறக்கினார்கள். கல் துருப்பிடிக்காதே என்று காவேரிக்குத் தோன்றியது. அவன் முன்பு வேலை பார்த்த பட்டறைக்கே போய், கழித்துப்போட்ட கிரானைட் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தாள். குளத்து டைல்ஸ் நிறத்திலேயே நீலத்துணி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உறை தைத்தாள்.

அடுத்த படப்பிடிப்பில் அவற்றை நாற்காலிக்கு அடியில் கட்டினார்கள். நாற்காலி அசையவில்லை. திம்மராயன் முதல்முறையாக நனையாமல் கரையில் நின்றான்.

"அந்தப் பொண்ணு எம்மா அழகா உக்காந்திருக்குது பாரு காவேரி. இத்தினி நாளா பாதத்தத்தான் பாத்திருக்கன்."

"பாதமே போதும் உங்களுக்கு" என்று அவன் விலாவில் இடித்தாள்.

ராஜசேகர் தலை துவட்டிக்கொண்டே வந்தான். "சூப்பர்ணா! யாரு ஐடியா?"

"எம் பொண்டாட்டியிதுங்க."

அந்தப் பெருமையைக் கேட்டுக் காவேரிக்கு வயிறு குளிர்ந்தது.

"இனிமே நீங்க தண்ணில எறங்கிக் கஷ்டப்பட வேணாம்ணா. கட்டுறதெல்லாம் எங்க பசங்களே பாத்துப்பாங்க, நீங்க வரணும்னுகூட இல்ல. கல்ல மட்டும் எங்க கார்ல வெச்சிருங்க." ராஜசேகர் நல்ல மனசோடுதான் சொன்னான். சொல்லிவிட்டு உடை மாற்றப் போய்விட்டான்.

காவேரி புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. திம்மராயன் கரையேற்றிய நாற்காலியிலிருந்து உறைபோட்ட கற்களை அவிழ்த்தான். ஒவ்வொன்றாகத் துடைத்து, கல்லோடு கல் உரசாமல் டிக்கியில் அடுக்கினான். கடைசி உறையில் தையல் விட்டிருந்தது.

"இத மட்டும் தெச்சுக் குடுத்துரு. இல்லன்னா பாதி வேலயில அவுந்துரும், பாவம்."

அவள் கண்ணை நீர் மறைத்தது. ஊசிக்குள் நூல் நுழையவில்லை. அவனே வாங்கி, நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, கோர்த்துக் கொடுத்தான்.