மூன்றாவது பாட்டு

"முதல்ல கையைக் காட்டு" என்றாள் தங்கை.

ஊளை கையை நீட்டினான். விரல் நடுங்குகிறதா என்று உற்றுப் பார்த்தாள். நடுங்கவில்லை.

"சரி. உன்னை நம்பித்தான் மேடை ஏறுறேன். கவுத்துடாதே."

அவனுக்கு ஊளை என்று பெயர் வைத்தவளே அவள்தான். முதன்முதலாக அவன் மைக் கட்டப் போன கல்யாணத்தில் ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். தொழில் பழகியது, கை தேறியது, நல்ல பெயரும் வந்தது. ஆனால் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

தங்கை பாடகி. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்து, இப்போதுதான் திரும்பி வருகிறாள். மூன்று பாட்டு, அதற்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் இரண்டும் அடக்கிப் பாடுகிற பாட்டுகள். மூன்றாவதற்காகத்தான் தொண்டையைச் சேர்த்து வைத்திருந்தாள். கடைசிச் சரணத்தில் மேலே ஏறி நிற்கிற பாட்டு. பழைய குரல் திரும்பியதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும். அந்த ஏற்றத்தை ஒரு நாளில் ஒரு தடவைதான் அவளால் ஏற முடியும். அதற்குப் பிறகு வெறும் காற்றுதான் வரும்.

ஒரே ஒரு தொல்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவளுக்கு இருமல் வரும். சாதாரண இருமல் இல்லை. கிழிசல் துணியைக் கிழிப்பது போன்ற இருமல்.

"பாட்டு மட்டும்தான் அவங்களுக்குக் கேக்கணும். இருமல் கேக்கக் கூடாது. அதை நீ பார்த்துக்க" என்றாள்.

"பாட்டு முடிஞ்ச மறு நொடி உன் மைக்கை இறக்கிடுவேன். அடுத்த பாட்டு தொடங்கும்போது ஏத்திடுவேன். நீ இருமினதே ஒருத்தனுக்கும் தெரியாது."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

"என் மேல வேண்டாம், ஏற்கெனவே ஒரு ஆப்பரேஷன் ஆச்சு. உன் டேப்லட் மேல பண்ணு."

சிரித்துக்கொண்டே, ஒலியை ஏற்றி இறக்கும் அந்த டேப்லட்டின் மேல் அடித்துச் சத்தியம் செய்தான்.

இடம், ஒரு ஓட்டலின் மாடிக் கூடம். மேசைகளை நெருக்கிப் போட்டால் எண்பது பேர் உட்காரலாம். முன்பெல்லாம் ஊளை கொண்டுவரும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஒரு கட்டில் அகலம் இருக்கும். அதைப் பின்வரிசையில் வைத்து, மேடையிலிருந்து தடித்த கேபிளை இழுத்து வருவான். யாராவது தட்டில் தண்ணீரோடு வந்து தடுக்கி விழுவார்கள். இப்போது எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது; செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மைக் வயர்களை மேடையிலேயே அதில் செருகிவிடலாம். அதில் திருகுவதற்கு ஒரு குமிழ்கூடக் கிடையாது, பவர் பட்டன் மட்டும்தான். ஏற்றுவது, இறக்குவது எல்லாம் கையிலிருக்கும் டேப்லட்டில். பெட்டிக்கும் டேப்லட்டுக்கும் நடுவே வைஃபை.

அதிகம் மகிழ்ந்தவர் ஓட்டல் முதலாளி. "உன் பழைய மெஷின் நின்ன இடத்துல ரெண்டு மேசை போட்டுட்டேன் தம்பி. இனிமே நீ எங்க வேணா நில்லு, சுவர்ல வேணா தொங்கு."

குரலைச் செலவழிக்காமல் முணுமுணுத்தே செய்த ஒத்திகையில் எல்லாம் பொன்னாக வந்தது. காலிக் கூடத்தில் மூலை மூலையாக நடந்து, கேட்டுக் கேட்டு, விரலால் சரிசெய்தான். ஒரு இடத்தில்தான் தடுமாற்றம். முதல் பாட்டு முடிந்து அவன் அவள் மைக்கை இறக்கியதும், தங்கை தொண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. காதுக்குள் செருகியிருந்த இயர்பீஸில் அவள் குரலும் சேர்ந்து நின்றுவிட்டதுதான் காரணம்.

"குரல் போயிடுச்சுன்னு நெனச்சேண்ணா" என்றாள். "தினமும் கனவுல அப்படித்தான் போகுது."

ஊளை உடனே மாற்றியமைத்தான். கூடத்துக்குப் போகும் குரல் தனி, அவள் காதுக்குப் போகும் குரல் தனி. இவன் இறக்கினாலும் ஏற்றினாலும் அவள் காதில் அவள் குரல் எப்போதும் இருக்கும். கீபோர்டு வாசிக்கும் தங்கை கணவருக்கும் அப்படியே செய்தான்.

"இப்ப நிம்மதியா?"

"இப்பத்தான் உயிர் வந்துச்சு."

மாலையில் கூடம் நிரம்பியது. முன்வரிசையில் அம்மா, காதுமெஷினைச் சரிசெய்துகொண்டு. முதலாளிக்கு எப்போது வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துப் பேசும் வியாதி உண்டு. அதனால் அவருக்கென்று ஒரு மைக்கைத் தனியாக, எப்போதும் திறந்தே வைத்திருந்தான்.

முதல் பாட்டு. மெல்லிய குரல், ஆனால் சுத்தமான குரல். ஊளையின் விரல் அவளோடு சேர்ந்தே மூச்சு விட்டது. அவள் தாழும் இடத்தில் ஏற்றினான், பிசிறு தட்டும் இடத்தில் இறக்கினான். முடிந்ததும் இறக்கினான். அவள் குனிந்து இருமினாள். கூடத்தில் கைதட்டல் மட்டும் கேட்டது. அவள் நிமிர்ந்து அவனைத் தேடிப் பிடித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

இரண்டாவது பாட்டும் அப்படியே. முடிந்ததும் இறக்கினான்.

அப்போதுதான் முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"அன்பான நண்பர்களே! அடுத்த பாட்டு, இந்தத் தங்கச்சி மறுபடி பிறந்து வந்து பாடுற பாட்டு! எல்லாரும் போனை எடுங்க! லைவ் போடுங்க! நம்ம ஓட்டல் பேரை மறக்காமப் போடுங்க!"

கூடம் முழுவதும் போன்கள் உயர்ந்தன. எண்பது போன்களும் ஒரே நேரத்தில் காற்றில் ஏறின.

கீபோர்டு தொடங்கியது. தங்கை கண்ணை மூடினாள். ஊளை அவள் மைக்கை ஏற்ற விரலை வைத்தான். திரையில் கோடு மேலே போனது. உடனே வழுக்கிக் கீழே வந்தது. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுழன்றது.

மறுபடி ஏற்றினான். வட்டம்தான்.

அவள் வாய் அசைந்தது. கூடத்தில் கீபோர்டு மட்டும் கேட்டது.

இணைப்பு அறுந்தால் பெட்டி நிற்காது. கடைசியாக எப்படி விட்டானோ அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அவன் கடைசியாக விட்டது, தங்கையின் குரலை அடியோடு இறக்கி. தலையைத் தூக்கி டேப்லட்டை உயர்த்திப் பிடித்தான். சுவரோரம் போனான். நாற்காலி மேல் ஏறினான். வட்டம் சுழன்றது. இப்படி ஒரு நாளைக்கென்றே, பெட்டியில் நேரடியாகச் செருகுவதற்காகப் பையில் கிடக்கும் நீல வயரும் பழைய லேப்டாப்பும், இன்றைக்குக் கை வீசிக்கொண்டு வருவோம் என்று வீட்டிலேயே விட்ட பையில் இருந்தன.

"இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்று டேப்லட்டிடம் கெஞ்சினான்.

முதலாளி பக்கத்தில் வந்தார். "என்னப்பா, வெறும் மியூசிக் வருது? நம்மளைப் பாடச் சொல்றாங்களா?"

"இணைப்பு போயிடுச்சுங்க. இத்தனை போனும் சேர்ந்து வைஃபையை நெரிக்குது. போனை எல்லாம் அணைக்கச் சொல்லணும்."

"இப்பத்தானேப்பா எடுக்கச் சொன்னேன்? சரி, அந்தப் பெட்டியை அணைச்சுப் போடேன்."

"அது எழுந்து வர்றதுக்குள்ள பாட்டே முடிஞ்சுடும். அதுவரைக்கும் மொத்தமும் செத்துக் கிடக்கும்."

"அப்ப என்னதான் பண்ணுவே?"

ஊளை அவரை விட்டுத் திரும்பினான். அருகிலிருந்த மேசைக்கு ஓடி, "போனை அணைங்க, கொஞ்சம் அணைங்க" என்றான்.

"ஏன் சார்? ஓனரே எடுக்கச் சொன்னாரு" என்றார் ஒருவர்.

"எடுத்தா குரல் வராது சார்."

"குரல்தான் ஏற்கெனவே வரலையே. அதைத்தான் எடுக்குறோம்" என்றாள் அவர் மனைவி.

முன்வரிசையில் அம்மா காதுமெஷினைக் கழற்றி உதறி, மறுபடி மாட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "பேட்டரி போயிடுச்சு போல. நல்லா பாடுறாளா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

மேடையில் தங்கை பாடிக்கொண்டிருந்தாள். எப்படித் தெரிகிறது? முகத்தில் தெரிந்தது. காது இரண்டும் அடைபட்டு, கண் மூடி, தன் குரலைத் தானே கேட்டு, அது நன்றாக இருப்பதை உணர்ந்து, மெல்லச் சிரித்தபடி பாடினாள். அவள் கணவரும் தன் இயர்பீஸில் அவளைக் கேட்டுத் தலையாட்டி வாசித்தார். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும் போனது. இனி மிச்சமிருப்பது அந்த ஏற்றம் மட்டும்.

ஊளை டேப்லட்டை யாரோ ஒருவர் மேசையில் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினான். கீபோர்டின் அடியில் தவழ்ந்து பெட்டியை எட்டினான். ஒரு வழி இருந்தது. தங்கை மைக்கின் வயரை அதன் துளையிலிருந்து பிடுங்கி, முதலாளி மைக்கின் வயரை எடுத்துவிட்டு அந்தத் துளையில் செருகினால் போதும். அது திறந்தே கிடக்கிறது. குரல் கூடத்துக்குப் போய்விடும்.

ஆனால் அந்தத் துளையிலிருந்து அவள் காதுக்கு எதுவும் போகாது.

வயரைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தான். அவள் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஏறப்போகிறாள். அவன் மாற்றாவிட்டால் யாருக்கும் கேட்காது. மாற்றினால் அவளுக்குக் கேட்காது. யோசிக்க நேரமில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது, ஏறிவிட்டாள்.

பிடுங்கினான். செருகினான்.

கூடம் அதிர்ந்தது. அவள் குரல், உச்சியில், பச்சையாக, ஒரு மெருகும் இல்லாமல் ஸ்பீக்கரிலிருந்து பாய்ந்து வந்தது. ஒரு சொல். அடுத்த சொல்லில் பாதி.

அவள் கண் திறந்துகொண்டது. கை தொண்டைக்குப் போனது. பாட்டு நின்றது.

"ஏங்க" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "போயிடுச்சுங்க. குரல் போயிடுச்சு."

எண்பது பேருக்கும் அது தெளிவாகக் கேட்டது. கணவருக்குத்தான் கேட்கவில்லை. அவர் காதும் அடைபட்டிருந்தது.

"போகலை!" என்று கீழேயிருந்து கத்தினான் ஊளை. "போகலைம்மா! காதுல இருக்கறதைக் கழட்டு! கழட்டு!"

அவன் கைச்சைகையைக் கண்டு கழற்றினாள். கூடத்தின் நிசப்தம் அவள் காதில் விழுந்தது. நன்றாகக் குனிந்து பார்த்தாள். அண்ணன் தரையில் கிடக்கிறான், அவன் கையில் வயர்.

"என்னண்ணா பண்ணே?"

அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

அவன் சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது. ஏறிய தொண்டையில் பாதியில் அறுந்த மூச்சு, சும்மா விடுமா? மைக்கைத் தள்ளிப் பிடிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கிழிகிற அந்தச் சத்தம் பெரிய ஸ்பீக்கர் இரண்டிலும் வந்தது. முன்வரிசையில் அம்மா திடுக்கிட்டு எழுந்து நின்றாள். இறக்குவதற்கு அவன் கையில் ஒன்றும் இல்லை. வயரைப் பிடுங்கினான். டமார் என்று ஒரு சத்தம், பிறகு அமைதி.

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். தட்டக் கூடாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கூட்டம் கலைந்தபின் மாடிப்படியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கணவர் வெந்நீர் வாங்கப் போயிருந்தார். ஊளை பக்கத்தில் வந்து, உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். போன்கள், வட்டம், துளை, வயர்.  இப்போது அவளால் பேச முடியாது.

"திட்டிடு" என்றான். "ஊளைன்னு ஒரு தடவை திட்டிடு."

அவள் தலையசைத்தாள். மாட்டேன் என்கிறாளா, முடியாது என்கிறாளா, தெரியவில்லை.

"நான் கேக்கவே இல்லைம்மா. முதல் சரணம், ரெண்டாவது சரணம், எதையுமே கேக்கலை." அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "உனக்குத்தான் தெரியும். எப்படி வந்துச்சு?"

தங்கை யோசித்தாள். ஒத்திகை முடிந்து குறைநிறை சொல்லும்போது யோசிப்பாளே, அதே முகம்.

"ரெண்டாவது சரணத்துல ஒரு இடம் இறங்கிடுச்சு" என்றாள், வெறும் காற்றில். "மத்தபடி…"

மீதியைச் சொல்ல வாயசைத்தாள். அவன் காதை அவள் வாயருகே கொண்டுபோனான். ஒன்றும் கேட்கவில்லை.