நான்கு எஞ்சினுக்கும் பொட்டு

பீளமேட்டில், எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றித்தரும் வைண்டிங் பட்டறை வைத்திருக்கும் ரவிக்குமார், ஆயுத பூசையன்று எதையும் விட்டுவைக்க மாட்டார். லேத்துக்குப் பொட்டு, வைண்டிங் மெஷினுக்குப் பொட்டு, ஸ்பேனருக்கும் தராசுக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு. மனைவி லோகப்பிரியா பட்டறை வேலைக்குப் பயன்படுத்தும் லேப்டாப்புக்குக்கூட உண்டு. ஆனால் மாடியறையில் அவள் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்துவரும் அஞ்சலட்டைகளின் பக்கம் அவருடைய சந்தனக் கிண்ணம் ஒருமுறையும் போனதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு?

அவை கடையில் விற்ற அட்டைகள் அல்ல. விமான நிறுவனங்கள் தம் விமானத்தின் படத்தை அச்சிட்டுப் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுத்தவை. ஆகாயத்திலேயே நாலு வரி எழுதிப் பணிப்பெண்ணிடம் நீட்டினால், நிறுவனமே தபாலில் சேர்த்துவிடும். பலர் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்கள் கசக்கி எறிந்தார்கள். ஆகையால் எழுத்தும் கறையும் படாத பழைய அட்டைக்குச் சேகரிப்பவர்களிடையே தனி மதிப்பு. 'கோரல் ஏர்வேஸ்' என்ற நிறுவனம் மூடப்பட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. தான் ஓட்டிய ஏழு வகை விமானங்களுக்கும் அது ஏழு அட்டைகள் வெளியிட்டிருந்தது. ஆறு லோகப்பிரியாவிடம் இருந்தன. நான்கு எஞ்சின் விமானம் உள்ள ஏழாவது அட்டை, பூசைக்கு முந்தைய நாள்தான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது.

நல்ல நேரத்தில்தான் வந்தது. நகரத்துச் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சிப் போட்டியில் இந்த ஆண்டுதான் முதன்முறையாக அஞ்சலட்டைக்கு இடம் கொடுத்திருந்தார்கள். செயலாளர் அழகிரிசாமி தபால்தலைக்காரர்.

"ஏனம்மணி, இதெல்லாம் கம்பெனிக்காரன் ஓசியில குடுத்த வெளம்பரம். இதையும் சட்டம் போட்டு மாட்டோணுமா?" என்று கூட்டத்திலேயே சிரித்தவர்.

ஏழு அட்டைகளையும் கறையின்றி மாட்டிப் பதக்கம் வாங்கி, அந்தச் சிரிப்புக்கு விடை சொல்ல வேண்டும் என்பதே லோகப்பிரியாவின் ஆசை.

பூசையன்று மாலை பட்டறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். லேத்துக்குப் பக்கத்தில் வாழையிலை. அதன்மேல் அவளுடைய ஏழு அட்டைகள். ஆறு அட்டைகளின் பிளாஸ்டிக் உறைமேலும் ஒரு மூலையில் ஒரு பொட்டு. இன்னும் உறை போடாத ஏழாவதிலோ, விமானத்தின் ஒவ்வொரு எஞ்சின் மூக்கிலும் பிசகாமல் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். ஈரம் அட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நாலு எஞ்சினுக்கும் வெச்சுப்போட்டேன் அம்மணி. ஒண்ணக்கூட உடலை!" என்றார் ரவிக்குமார்.

அவள் கை நீண்டது. பிறகு தானே மடங்கியது. ஈரத்தில் துடைத்தால் குங்குமம் படம் முழுக்கப் பரவும். தவிரவும், பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது. ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டார்கள். அவர் அள்ளிக்கொடுத்த பொரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

காலையில் உலர்ந்த சந்தனத்தைத் தூரிகையால் தட்டிவிட்டபோது நான்கு சிவப்பு வட்டங்கள் மிஞ்சின. அவள் முகத்தைப் பார்த்த பிறகே ரவிக்குமாருக்கு விஷயம் விளங்கியது.

"பாழ் பண்ணிப்போட்டனா?"

"ஏனுங்க, இத்தன வருசம் இல்லாம இந்த வருசம் எதுக்குங்க வெச்சீங்க?"

அவர் பின்னந்தலையைச் சொறிந்தார். "போட்டிக்குன்னு ஒக்காந்து நீ ஒவ்வொண்ணா அளந்து அடுக்கீட்டு இருந்தியல்ல? நான் மோட்டாருக்குக் கம்பி சுத்தறாப்புலயே இருந்துது. அட, இதும் ஒரு தொழில்தான்னு அப்பத்தான் ஒறைச்சுது. தொழில்னா பொட்டு வெக்காம உடலாமா?"

லோகப்பிரியா தூரிகையைக் கீழே வைத்தாள். அட்டையை மீண்டும் ஒருமுறை பார்த்தாள்.

செய்தி கேட்டு, அவளைப் போலவே விமான அட்டை சேர்க்கும் ஷாநவாஸ் அன்றே உக்கடத்திலிருந்து வந்துவிட்டான். அவனிடம் அதே நான்கு எஞ்சின் அட்டை, மாசு மருவில்லாமல் இருந்தது.

"அக்கா, இத எடுத்துக்குங்க. உங்ககிட்ட ரெண்டு கடல்விமானக் கார்டு இருக்குதல்ல, அதுல ஒண்ணு எனக்கு. பொட்டு வெச்ச கார்ட ஊட்டுலயே வெச்சுக் கும்புடுங்க!"

"வாங்கிக்க அம்மணி," என்று ரவிக்குமார் முந்திக்கொண்டார். "என்னால உனக்கு மெடல் போச்சுன்னு இருக்க வேண்டாம்."

அவள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். ஷாநவாஸின் அட்டை நேற்று அச்சடித்ததுபோல் இருந்தது. அப்படிப்பட்டது இன்னும் பத்துப் பேருடைய அலமாரியில் இருக்கக்கூடும். தபாலில் போன அட்டையில் அது சென்ற ஊரின் முத்திரை விழுந்திருந்தால் அதை அழுக்கென்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால், பீளமேட்டுக்கு வந்து சேர்ந்த அட்டையில் பீளமேட்டின் முத்திரை விழுந்ததற்கு மட்டும் ஏன் கூச வேண்டும்?

"வேண்டாம் ஷாநவாஸ். இதையேதான் மாட்டப்போறேன்."

"மார்க்கக் கொறைச்சுப்போடுவாங்கக்கா."

"கொறைக்கட்டும்."

ஏழாவது அட்டையின் கீழே அவள் விவரக்குறிப்பு எழுதினாள்: 'நான்கு எஞ்சின் விமானம். எழுதப்படாதது. சந்தன, குங்குமக் கறை உண்டு: ஆயுத பூசை, பீளமேடு. பொட்டு வைத்தவர் ரவிக்குமார்.'

கண்காட்சிக்குக் கொச்சியிலிருந்து நடுவராக வந்த பிந்து, உருப்பெருக்கியோடு அந்தச் சட்டத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு லோகப்பிரியாவை அழைத்தார்.

"கறைக்கு மார்க் குறைக்காம இருக்க முடியாது. விதி அது. தங்கம் கிடைக்காது."

"தெரியுமுங்க."

"ஆனா, கிழிசலையும் கறையையும் மறைச்சு ஒட்டினதை எத்தனையோ இடத்துல பாத்திருக்கேன். பேரும் ஊரும் போட்டு எழுதி வெச்சதை இங்கதான் பாக்கறேன். ஏழும் ஒண்ணா இருக்கறதையும் இங்கதான் பாக்கறேன்."

வெள்ளிப் பதக்கம். அந்தச் சங்கத்தில் அஞ்சலட்டைக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அழகிரிசாமி.

"அந்தப் பொட்டு மட்டும் இல்லீன்னா தங்கமாச்சே, அம்மணி!" என்றார் அவர். குரலில் மெய்யாகவே வருத்தம் இருந்தது.

"தங்கம் அடுத்த வருசங்கூட வாங்கிக்கலாமுங்க," என்றாள் லோகப்பிரியா. "எங்கூட்டுக்காரரு பொட்டு வெச்ச ஏரோப்ளேன் ஒலகத்துலயே இது ஒண்ணுதானுங்க."

அரங்கின் அந்தப் பக்கம் கூட்டம் கூடியிருந்தது. ரவிக்குமார் சட்டத்தை ஒட்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார்.

"நாந்தானுங்க அந்த ரவிக்குமாரு."

"இந்த எஞ்சினெல்லாம் ஓடுமுங்களா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"காயில் கம்பி எரிஞ்சுதுன்னா பட்டறைக்குக் கொண்டாங்க, சுத்திக் குடுத்தர்றேன். மத்ததெல்லாம் எங்கூட்டு அம்மணிகிட்டக் கேளுங்க. இது அவிக தொழிலு."

கூட்டம் திரும்பி வழிவிட்டது. லோகப்பிரியா முன்னால் வந்து, முதல் அட்டையிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.