சுவரோரத் தடம்

மாட்டு டாக்டரம்மா ஆமையைப் புரட்டி, அடிவயிற்று ஓட்டைத் தடவிப் பார்த்தாள். தட்டையாக இருந்தது.

“இதுவும் பொம்பளைதான் அண்ணா.”

காரில் சாய்ந்து நின்ற அண்ணன் சிரித்தார். ரோடு போடும் இன்ஜினியர் அவர். “இருக்கட்டுமே! கல்லுக்குண்டு மாதிரிதானே இருக்கா. ஆமை இருக்கான்னு மேலிடத்துல கேட்டா, வேணுங்கிற மட்டும் இருக்குன்னு நெஞ்சைத் தட்டிச் சொல்லுவேன்.”

“ஆணுக்கு அடிவயிறு குழிஞ்சிருக்கும். இந்தத் துண்டுக் காட்டுல அப்படி ஒண்ணுகூட மிச்சமில்ல. போடுற முட்டையெல்லாம் கூமுட்டை. நீ கடைசியா குட்டி ஆமையை எப்பப் பார்த்தே, சொல்லு?”

அண்ணன் குனிந்து ஆமையின் அடிவயிற்றைப் பார்த்தார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய காடு, இந்தப் பக்கம் வெட்டுப்பட்ட துண்டு. இரண்டு ஓரமும் இடுப்புயரச் சுவர். வண்டிச் சக்கரத்தில் ஆமைகள் நசுங்கிய காலத்தில், அழுது அடம்பிடித்து அதைக் கட்டவைத்தவளே அவள்தான். சாவு நின்றது; எல்லோரும் மெச்சினார்கள். மெல்ல மெல்லப் பிறப்பும் நின்றதுதான் யார் கண்ணிலும் படவில்லை. ஆமைக்கு ஆயுசு கெட்டி அல்லவா!

“அந்தப் பக்கத்து மாப்பிள்ளை ஒருத்தனைத் தூக்கிட்டு வந்து விட்டா?”

“விட்டுப் பார்த்தாச்சு. வீட்டுக்குப் போகணும்னு சுவரையே முட்டி முட்டி, வெயில்ல கருகிச் செத்தான். ரோட்டுக்கு அடியில குழாய் பதிச்சுக் குடு அண்ணா.”

“அன்னிக்கு அடைக்கச் சொன்னே, இன்னிக்குத் திறக்கச் சொல்றே. உன்னோட பெரிய ரோதனை!”

முணுமுணுத்தாலும் பதித்துக் கொடுத்தார். ஆள் தவழ்ந்து போகிற அளவு அகலக் குழாய்.

திறந்த அன்று இருவரும் மறைந்திருந்து பார்த்தார்கள். சுவரோரம், வருஷக்கணக்காக நடந்து நடந்து ஆமைகள் தேய்த்த தடம் பள்ளமாகக் கிடந்தது. அதில் ஓர் ஆமைக் கிழவி ஊர்ந்து வந்தாள்.

“வர்றா பாரு மகராசி!” என்றார் அண்ணன்.

“உள்ள போடி, என் தங்கமே!”

குழாய் வாயில் நின்றாள் கிழவி. கழுத்தை நீட்டி மோந்தாள். பிறகு பழைய பள்ளத்திலேயே கால் வைத்து, சுவரோரமாகக் கடந்து போனாள்.

“புதுசுல்ல, பழகிக்குவா.”

“பழக அவளுக்கு நாள் இருக்குண்ணா. அதுக்கப்புறம் முட்டை போட நாள் இருக்குமா?”

அவள் எழுந்து போய்ப் பெரிய கல் ஒன்றைப் புரட்டி, குழாயைத் தாண்டியதும் தடத்துக்குக் குறுக்கே போட்டாள். அண்ணன் இன்னொரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். அடுத்தவளாவது குழாய்க்குள் திரும்ப, அவள் வருவதற்குள் பழைய தடத்தை அடைத்தாக வேண்டும்.